மீன் லொறியில் வந்த குரல்கள்

மஹ்றூப் நானாவின் போனைத் தொடுவதற்கு முன் ஒரு பழந்துணியைக் கையில் எடுத்துக்கொள்வேன். அப்படி ஒரு மீன் வெடுக்கு. "நானா, இது போனோ கருவாடோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "ரெண்டும்தான் தங்கச்சி. ஒண்டு கதைக்கும், மற்றது கதைக்காது" என்பார். பெரிய பகிடி விட்டுவிட்டதாக நினைப்பு. ஆனால் அந்த நாற்றம் பிடித்த போனுக்காக என் கடைவாசலில் சனம் காத்துக்கிடந்த காலம் ஒன்று இருந்தது.

என் பெயர் நேசமலர். வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பது, போட்டோப்பிரதி, போனுக்குக் காட் போடுவது எல்லாம் இங்கே நடக்கும். எனக்கு வாய் கொஞ்சம் காரம் என்று ஊரில் பேர். யாரையும் லேசில் மெச்ச மாட்டேன். ஆளைப் பார்த்த உடனே அவரிடம் உள்ள கோணல்தான் என் கண்ணில் முதலில் படும். மஹ்றூப் நானாவிடமும் கோணல் இருந்தது. பிடிவாதக்காரர். ஒரு சட்டம் போட்டுவிட்டால் பிறகு மலையே வந்து நின்றாலும் அசைய மாட்டார். அந்தப் பிடிவாதத்தைத்தான் இன்றுவரை நான் மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய சொந்த இடம் முல்லைத்தீவு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்தபோது, உம்மாவையும் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர். சமாதான ஒப்பந்தம் வந்து பாதை திறந்ததும் தனியே திரும்பி வந்தார். இடிந்த வீட்டைக் கட்டி முடித்த பிறகு எல்லோரையும் அழைப்பது என்று திட்டம். பழைய லொறி ஒன்றை வாங்கி மீன் வியாபாரம் தொடங்கினார். கடற்கரையில் மீனை ஏற்றி, ஐஸ் போட்டு, ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வவுனியாச் சந்தைக்குக் கொண்டுவருவார். கிழமைக்கு இரண்டு தரம்.

அந்த நாளில் வன்னிக்குள் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஆனால் போன்கள் இருந்தன. சமாதான காலத்தில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த உறவுக்காரர் கொடுத்துவிட்டுப் போனவை. ஒருவருக்கும் கோல் எடுக்க முடியாது. படம் எடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம், குரலைப் பதியலாம். புளூடூத் இருந்த போன் என்றால் இன்னொன்றும் செய்யலாம். இரண்டு போன்களைப் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் இருப்பது காற்றாலேயே மற்றதுக்குப் போகும். கம்பியும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

ஒட்டுசுட்டான் சந்தியில் வீரகத்தி அண்ணையின் தேத்தண்ணிக் கடையில்தான் நானா லொறியை நிறுத்துவார். ஒருநாள் அங்கே ஒரு பெண் தன் போனை நீட்டி, வவுனியாவில் படிக்கும் மகனிடம் கொடுத்துவிடச் சொன்னாவாம், அதற்குள் தான் பேசிய குரல் இருக்கிறது என்று. நானா போனை வாங்கவில்லை. "போன் உங்களிட்டையே இருக்கட்டும். குரலை மட்டும் தாங்கோ, நான் ஏத்திக்கொண்டு போறன்" என்றார். தொடக்கம் அதுதான்.

முதல் சில பயணங்கள் பெரும் கூத்தாம். லொறி வந்து நின்றதும் சனம் சுற்றிவளைத்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் தேடுவார்கள். யாருடைய போன் யாருடையதைக் கண்டுபிடிக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் தாய்க்கு அனுப்பிய குரல் பக்கத்தில் நின்ற சங்கக்கடை மனேச்சருக்குப் போனது. இன்னொருவர் மருமகனின் கலியாண வீடியோவை ஏற்ற முயன்று, அது பாதியில் நின்று, மற்ற எல்லோரையும் மறித்துக்கொண்டு கிடந்தது. அதற்குள் ஐஸ் உருகி, லொறிக்குப் பின்னால் தண்ணீர் ஓடியது. வேறு ஆள் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த கிழமை நிற்காமலே போயிருப்பார். நானா மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். கடைசியில் வழியைத் தன் தொழிலிலேயே கண்டுபிடித்தார்.

"கடல்ல எத்தினை வள்ளம் நிக்குது. ஒவ்வொரு வள்ளமா நீந்திப் போயோ நான் மீன் வாங்கிறன்? எல்லாம் கரையில இருக்கிற வாடிக்கு வரும். வாடியில வைச்சு ஒரேயடியா ஏத்துறன். இதையும் அப்பிடிச் செய்வம்" என்று எனக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு லொறி வருவதற்கு முன்பே எல்லோருடைய குரலும் வீரகத்தி அண்ணையின் போனில் சேர்ந்துவிட வேண்டும். லொறி வந்ததும் மற்ற எல்லோரும் தங்கள் புளூடூத்தை நிறுத்த வேண்டும். மேசையில் இரண்டு போன்கள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நடுவில் நானாவின் பிளேன்ரீ. அவர் குடித்து முடிக்க எல்லாம் ஏறியிருக்கும். வவுனியாவில் சேர்க்கும் இடமாக என் போனைப் பிடித்தார். என்னைக் கேட்டாரா? இல்லை. ஒருநாள் கடைக்குள் வந்து, "தங்கச்சி, உங்கட போனில புளூடூத் இருக்கெல்லோ" என்றார். அவ்வளவுதான் நியமனம்.

அடுத்த சட்டம், குரல் மட்டும்தான், அதுவும் ஒரு நிமிடம். படம் இல்லை, வீடியோ இல்லை. அவருடைய போன் மெமறிக் காட் போட இடமில்லாத பழையது, இடம் கொஞ்சம். சனம் முதலில் முறுகியது. பிறகு பழகிவிட்டது. ஒரு நிமிடம் என்று தெரிந்தால் மனிதர் எவ்வளவு நேராகப் பேசுகிறார்கள் என்று நான் அப்போதுதான் கண்டேன். "அம்மாக்குக் காய்ச்சல் விட்டிட்டுது, நீ சோதினையைப் பார்" என்று ஒரு தகப்பன். "மாடு கண்டு போட்டிருக்கு, நாகு" என்று இன்னொருவர். சுகம் விசாரித்தே ஒரு மணித்தியாலம் ஓட்டுகிற எங்கள் சனமா இது என்று ஆச்சரியப்பட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. அனுப்பியவர் அனுப்பியதை உடனே அழிக்கக் கூடாது. போய்ச் சேர்ந்தது என்று நானா திரும்பி வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். "சேர்ந்திட்டுது, இனி அழியுங்கோ" என்பார். அந்தச் சொல் வரும்வரைக்கும் குரல் இரண்டு இடத்தில் இருக்கும். ஒருமுறை அவருடைய போன் ஐஸ் தண்ணீருக்குள் விழுந்து கண் மூடிவிட்டபோது, வீரகத்தி அண்ணையிடம் அத்தனையும் அப்படியே இருந்தன. அன்றைக்கு நானாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தேர்தலில் வென்றவர் மாதிரி. அந்த விழுந்த போனையே காயவைத்துத் திருத்தி மறுபடியும் கொண்டு திரிந்தார் என்பது வேறு கதை.

சோதனைச்சாவடிகளில் அவருடைய அந்த ஒரு போனைத்தான் தெரியும்; வேறொன்றைக் கொண்டுபோனால் சந்தேகம் வரும். இரண்டு பக்கத்துக் காவலிலும் போட்டுக் கேட்பார்கள். நானா அவசரப்பட மாட்டார். ஓமந்தையில் புத்தளத்துச் சிங்களத்தில் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லுவார். பல் விழுந்த பிள்ளை ஒன்று தகப்பனுக்கு அதைச் சொல்லி அனுப்பியதைக் கேட்டு ஒரு சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான் என்று எனக்குச் சொன்னார்.

அந்தப் போனில் இடம் இவ்வளவு இறுக்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குள் அவருடைய உம்மாவின் குரல் இருந்தது. புத்தளத்தில் மௌத்தாவதற்குச் சில நாட்களுக்கு முன் அந்த மனுசி பேசியதைச் சரீபா, நானாவின் மனைவி, அவர் அங்கே போயிருந்தபோது அந்தப் போனிலேயே பதிந்து கொடுத்திருந்தா. நீளமான குரல், பல பேருடைய இடத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது. "நானா, அதை என்ர போனுக்கு அனுப்பி வையுங்கோ. உங்களுக்கு இடம் வரும்" என்று ஒருமுறை சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அது சரக்கில்லைத் தங்கச்சி" என்றார். நான் வாயை மூடினேன். என் வாய் மூடுவது அபூர்வம்.

ஆனால் பிறகு ஒருநாள், மழை வரப் பார்த்த அவசரத்தில், போனில் இருந்த எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஒரேயடியாக எனக்கு அனுப்பிவிட்டார். சனத்துக்குக் கேட்கக் கொடுப்பதற்காக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது, "மகன் மஹ்றூப்..." என்று ஒரு வயதான குரல் தொடங்கியது. சட்டென்று நிறுத்தினேன். பிறர் வீட்டு அறைக்குள் தெரியாமல் கால் வைத்தது போல் இருந்தது. சொன்னால் மனிதர் கூச்சப்படுவார் என்று விட்டுவிட்டேன். அழிக்கவும் இல்லை. அவர் போட்ட சட்டம்தானே, சேர்ந்திட்டுது என்று சொல்லாமல் எப்படி அழிப்பது?

இனிச் சுகந்தினியின் கதைக்கு வருகிறேன். என் ஒழுங்கையிலேயே குடியிருந்தவள். தகப்பன் செல்வநாயகம் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்பவர்; யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம். இவள் வவுனியாவுக்கு வேலைக்கு வந்த இடத்தில் ஒரு மேசன் பொடியனை விரும்பி, வீட்டுக்குச் சொல்லாமல் கலியாண எழுத்தை முடித்துவிட்டாள். "எனக்கு மகள் இல்லை" என்று சொல்லிவிட்டார் செல்வநாயகம். சொன்னது சொன்னதுதான். அவள் வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அசையவில்லை.

சுகந்தினி ஒவ்வொரு கிழமையும் என் கடைக் கதிரையில் இருந்து ஒரு நிமிடம் பேசுவாள். "அப்பா, சுகமா இருக்கிறன். அப்பா, பிள்ளை துடிக்குது." ஒட்டுசுட்டானில் தாய் இலட்சுமி தேத்தண்ணிக் கடைக்கு வந்து கேட்டுவிட்டு, மறுமொழி சொல்லி அனுப்புவா. தகப்பன் கேட்க மாட்டார். மகளின் குரல் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவாராம். "ஆனா லொறி வாற நாளெல்லாம் அந்த மனிசன் வெத்திலை வாங்க அங்க வருது. வேற நாளில வெத்திலை வேண்டாம் போல" என்று நானா என்னிடம் சிரித்தார். பிறகு அவளுக்குச் சொன்னார்: "பிள்ளை, நீ விடாதை. வெளியில நிண்டாலும் காது உள்ளதான் நிக்குது."

இதுதான் அவளுடைய ஒரே ஆசை, பிள்ளை பிறப்பதற்கு முன் தகப்பன் ஒரு சொல் பேச வேண்டும். இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பாதை மூடப்போகிறது என்ற கதை ஊரெங்கும் அடிபட்டது. அவள் சாப்பாடு இறங்காமல் என் கடைவாசலிலேயே வந்து குந்தியிருந்தாள்.

நானாவின் லொறி வந்தது. மீன் இறக்காமல் நேரே என் கடைக்கு வந்தார். நான் பழந்துணியைத் தேட முன் போனை மேசையில் வைத்தார். ஏறிய குரல்களில் ஒன்று ஐந்து நிமிடத்துக்கு மேலே காட்டியது.

"என்ன நானா, உங்கட சட்டம் எங்க போச்சு?" என்றேன்.

"இந்த மனிசனுக்குச் சட்டம் இல்லைத் தங்கச்சி. அவளைக் கூப்பிடுங்கோ."

செல்வநாயகத்தின் குரல். முதலில் இருமல். பிறகு யானை வந்து வாழையை முறித்தது, கிணற்றுக்குப் புதுத் துலா போட்டது, தாய்க்கு முழங்கால் நோவு என்று, யாருக்கோ விலாசம் சொல்வது மாதிரிச் சொல்லிக்கொண்டே போனார். இடையில் காகம் கத்துவது மட்டும் கேட்டது. அப்புறம், "பிள்ளைக்கு என்ர அப்பான்ர பேர் வைக்க வேணும் எண்டு நான் சொல்லேல்லை. உனக்கும் தம்பிக்கும் பிடிச்சதை வையுங்கோ. தொட்டில் நான் செய்யிறன். பலாப் பலகை எடுத்து வைச்சிருக்கிறன்" என்றார். மருமகனைத் தம்பி என்று சொல்லிவிட்டார்! சுகந்தினி மேசையில் தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். நானா மட்டும் "மீன் பழுதாப் போகுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

அந்தக் கிழமையே பாதை மூடப்பட்டது. சேர்ந்திட்டுது என்று ஒட்டுசுட்டானில் சொல்ல நானாவால் திரும்பிப் போக முடியவில்லை. சுகந்தினிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தன் தகப்பனின் தகப்பன் பெயரையே அவள் வைத்தாள். பாதை பிறகு இடைக்கிடை திறந்தாலும் மீன் லொறிக்கு வழி இருக்கவில்லை. நானா மன்னார்ப் பக்கம் மீன் எடுத்து ஓடினார். கட்டிய வீடு அரைகுறையாக அந்தப் பக்கம் நின்றது. நான் புதுப் போன் வாங்கி, பழையதை அலுமாரியில் வைத்தேன். குரல் கொண்டுவரும் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு நடந்த யுத்தத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைத் தாங்கியவர்கள் சொல்லட்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் முகாமிலிருந்து வயதானவர்களை விடத் தொடங்கியபோது, இலட்சுமி மகளிடம் வந்து சேர்ந்தா. தனியே வந்தா. செல்வநாயகம் வழியில் முள்ளிவாய்க்காலில் போய்விட்டார். சுகந்தினி அவவை என் கடைக்குக் கூட்டி வந்து, தன் போனில் வைத்திருந்த தகப்பனின் குரலைப் போட்டாள். மூன்று வயதுக்குக் கிட்டிய பேரன் போனைக் காதோடு வைத்து, "தொட்டில் எங்க, தாத்தா?" என்று கேட்டான். அந்தப் பிள்ளைக்குத் தாத்தா என்றால் அந்த ஐந்து நிமிடம்தான்.

இலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்த நானா இருக்கிறாரோ?" என்று என்னைக் கேட்டா. "அண்டைக்கு அவரின்ர போனில இடமில்லை, நேசம். ஒரு நிமிசத்தில சுருக்கி இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு வீரகத்தி இவரைக் கேட்டவர். நானா விடேல்லை. 'இந்த மனிசன் ரெண்டாந்தரம் வாய் திறக்க மாட்டார், சனத்தின்ர ஒண்டையும் நான் இறக்கவும் மாட்டன்' எண்டு சொல்லி, தன்ர தாயின்ர குரலை வீரகத்தியின்ர போனுக்கு மாத்திப்போட்டு, அந்த இடத்திலதான் இவரை ஏத்தினவர். அடுத்த கிழமை வந்து எடுக்கிறன் எண்டார்."

"வீரகத்தி அண்ணை?" என்றேன்.

"முகாமில இருக்கிறார். அழிக்கவே இல்லை. பொலித்தீனில சுத்தி, நானான்ர சாமான் எண்டு மூண்டு வருசமாக் கொண்டு திரிஞ்சவர். கடைசியாக் களப்புத் தண்ணிக்குள்ளால வரேக்க விழுந்து போச்சு. நானாவின்ர முகத்தில முழிக்கேலாது எண்டு அழுகிறார்."

மூன்று வருடம். கிழமைக்குக் கிழமை என் கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர், என் பகிடியை எல்லாம் பொறுத்தவர், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுகந்தினியின் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியபோதும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு மனிதரிடம் கோபப்படாமல் என்ன செய்வது?

அலுமாரியைத் திறந்து பழைய போனை எடுத்தேன். சார்ஜ் ஏற நெடுநேரம் அது கண்ணே திறக்கவில்லை. நான் அறிந்த கடவுளை எல்லாம் கூப்பிட்டேன். திறந்ததும் தேடினேன். இருந்தது.

மறுநாள் நானா வந்தபோது பிளேன்ரீ ஊற்றி வைத்தேன். "உங்கட போனில புளூடூத்தைப் போடுங்கோ" என்றேன். "இதென்ன, பழைய வியாபாரமோ?" என்று சிரித்துக்கொண்டு போட்டார். இரண்டு போன்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் குடித்து முடிக்க முன்பே ஏறிவிட்டது.

"மகன் மஹ்றூப்... சாப்பிட்டியா வாப்பா? ஊருக்குப் போனா கிணத்தடி மாதுளை நிக்குதா எண்டு பாத்துச் சொல்லு..."

கோப்பை மேசையில் சாய்ந்து தேத்தண்ணி ஓடியது. நானா துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. உம்மா பேசி முடிக்கும்வரை தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை போட்டார். இந்தக் குரல் என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார் என நினைத்து, மழை வரப் பார்த்த அந்த நாளைச் சொல்லத் தொடங்கினேன். "நீங்கள்தான் சேர்ந்திட்டுது எண்டு சொல்லேல்லையே நானா. அதுதான் அழிக்கேல்லை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் நீர். "சேர்ந்திட்டுது, தங்கச்சி" என்றார்.

வழமையாக அதற்குப் பிறகு வருகிற மற்றச் சொல்லுக்காக நான் காத்திருந்தேன். என் விரல் போனில் இருந்தது. அவர் கையை நீட்டி மறித்தார்.

"அழிக்காதேங்கோ. உங்களிட்டையும் இருக்கட்டும்."